குழல் கழன்ற கதையில் நான் விட்டுவிட்ட பகுதி

பாப்பா,

இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது ரயில் காட்பாடியை விட்டிருக்கும். பிரியாணி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பைக்குள் வேறு எங்கே வைத்தாலும் கோயம்புத்தூர் போய் ஒரு வாரம் கழித்துத்தான் பார்ப்பாய். டப்பாவை மட்டும் அரை மணி நேரத்துக்குமேல் உன்னால் சும்மா விட முடியாது, உன் அப்பன் மகள் நீ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இப்போதுதான் உன் அம்மா போன் செய்து "லீவு நாள்ல அங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்டாள். ஒரு ஷாஃப்ட்டுக்கு அளவு எடுக்கிறேன் என்றேன். முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவன் சொன்னால் அவள் நம்பித்தானே ஆகவேண்டும். என் கையெழுத்து கோணலாக இருக்கும். பேனா பிடித்துப் பழக்கமில்லாதது பாதிக் காரணம், மீதிக் காரணம் பயம். நேரில் சொல்ல நான்கு வருஷமாக முயன்று, நான்கு வருஷமும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

நேற்று உன்னை வழியனுப்பச் சொந்தக்காரர்களுக்குப் போட்ட சாப்பாட்டில் நீ ஒரு கதை சொன்னாய். கோயம்புத்தூர் ரைபிள் கிளப்பில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலைக்கு நடந்த இன்டர்வியூவில், "துருப்பிடித்துச் சிக்கிக்கொண்ட துப்பாக்கிக் குழலைக் கழற்றியிருக்கிறாயா?" என்று கேட்டார்களாம். எங்கப்பா சுபேதாரோட ரைபிள்ல கேஸ் டார்ச்சைக் காட்டி பத்தே நிமிஷத்தில் கழற்றினார், நான் கூடவே நின்றேன் என்று நீ சொன்னாயாம். அதற்காகவே வேலை கொடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி உன் பெரியப்பா கைதட்டினார், சித்தி என்னைப் பார்த்து "நீங்க பெரிய ஆள்தான் மாமா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிரியாணிக்கு வைத்த கத்திரிக்காயில் நான்கைந்தை வரிசையாக விழுங்கியிருக்கிறேன். "உங்களுக்குத்தான் அது ஆகாதே, உடம்பெல்லாம் தடிச்சுக்குமே" என்று உன் அம்மா கையைப் பிடித்தபோதுதான் வாயில் இருப்பது என்ன என்றே தெரிந்தது. அப்போது நீ இன்னொன்று சொன்னாய். "அங்கயும் ஒரு பழைய ரைபிள் கீதாம்பா. பேரல் கழலவே மாட்டேங்குதாம். போனவுடனே அப்பா ஸ்டைல்ல சூடு காட்டி எடுத்துர்றேன்." உடம்பு தடித்ததோ இல்லையோ, நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா ஸ்டைல் என்று நீ பெருமையாகச் சொல்வதில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அது தெரியாமல் நீ அந்த ஊரில் டார்ச்சைக் கையில் எடுக்கக்கூடாது.

முதலில் சின்னக் குற்றங்களைச் சொல்லிவிடுகிறேன், பெரியதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும். உன் ஆன்லைன் இன்டர்வியூ அன்று நெட் போனதே, கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டதோ என்று எதிர்வீட்டுக்காரரிடம்கூட விசாரித்தாயே, மோடம் வயரைப் பிடுங்கியவன் நான்தான். நீ போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பேசி முடிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் எனக்கு பிரஷர் ஜாஸ்தியாகி மயக்கம் வந்ததே, அதுவும் பாதி நாடகம். டாக்டர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு "நார்மல்" என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்து நீ இன்னும் பயந்தாய். பெண் பிள்ளை துப்பாக்கி வேலைக்குப் போவதா என்று பழைய பஞ்சாங்கம் பேசுகிறேன் என நீ நினைத்தாய், அம்மாவும் நினைத்தாள், தெருவே நினைத்தது. நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாம்பசலி என்ற பெயரைத் தாங்கிக்கொள்ளலாம், மற்றதைச் சொல்ல நா எழவில்லை.

சுபேதாரை உனக்குத் தெரியும். அணைக்கட்டுப் பக்கம் நிலக்கடலை போட்டிருந்தார், பட்டாளத்திலிருந்து வந்த பிறகு காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து, பின்பக்கப் போல்ட்டை இழுத்துத் தோட்டா போடுகிற ரைபிள் ஒன்று வைத்திருந்தார். அவர் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்ததில் தோஸ்த் ஆனோம். அந்த ரைபிளை அவர் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு, உலகத்தில் எது கெட்டுப்போனாலும் ஒரு துண்டுத் தோல் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பான். மேஜை ஆடினால் காலுக்கடியில் தோல், கதவு கிறீச்சிட்டால் இடுக்கில் தோல், குழாய் ஒழுகினால் தோல் வாஷர். எனவே நல்ல குரோம் தோலாகப் பார்த்து வாங்கி, உன் அம்மாவை விட்டு அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் தையல்காரர்களில் ஒருத்தியிடம் கெஞ்சச் சொல்லி, உள்ளுக்கும் மெத்தென்று தோல் வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். "சார், இதுக்குள்ள வெச்சிங்கன்னா துப்பாக்கிக்கு ஜலதோஷம்கூடப் புடிக்காது" என்றேன். அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துப்பாக்கியை அதற்குள் வைத்து, இறுகக் கட்டி, அலமாரிக்குள் பூட்டிவிட்டார். ஒரு கட்டத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் திறக்கவே இல்லை. தோலில் உப்பு இருக்கும், ஈரத்தை அது இழுக்கும், அதற்குள் வைத்த இரும்பு மூச்சுமுட்டித் துருப்பிடிக்கும் என்பது தோல் ஊரில் பிறந்து தோல் மெஷினுக்கே உதிரிபாகம் கடையும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினிலும் அந்தத் துருவைச் சுரண்டித்தானே நான் சோறு தின்கிறேன்.

பிறகு தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சுபேதார் உறையைப் பிரித்தால் போல்ட் அசையவில்லை, திறக்கவில்லை, துரு அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் போல்ட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பட்டாளத்துக்காரன் துப்பாக்கியைத் துருப்பிடிக்க விட்டான் என்று அங்கிருக்கும் சின்னப் பையன்கள் சிரிப்பார்கள் என்பதுதான் அவருக்கு இருந்த பயம். என்னிடம் கொண்டுவந்தார். அதற்கென்று லைசென்ஸ் உள்ள கடை வேலூரில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. எனக்கு அந்த வேலையைச் செய்யச் சட்டப்படி உரிமையே இல்லை. ஆனால் "தம்பி, உன்னால முடியாதது இன்னா கீது?" என்று அவர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. போல்ட் பின்பக்கமாக வராவிட்டால் என்ன, முன்பக்கத்தில் குழலைத் திருகிக் கழற்றிவிட்டு, அந்த வழியாக எண்ணெய் விட்டு போல்ட்டைத் தட்டி எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். லேத்துக்காரன் கணக்கு. எதிரே இருப்பது தோல் பதனிடும் டிரம்மின் ஷாஃப்ட் அல்ல, துப்பாக்கி என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அன்றைக்கு உனக்குக் காலேஜ் லீவு. கடைசி வருஷம் மெக்கானிக்கல், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் வெறி. குழலை மேஜை வைஸில் வைத்து இறுக்கினோம். கீறல் விழக்கூடாதென்று நான் சுற்றியது எதை என்று உனக்கே ஞாபகம் இருக்கும், தோல். நல்ல மெருகேற்றிய, எண்ணெய் ஊட்டிய தோல். துப்பாக்கியின் உடம்பில் நீளக் கம்பியை மாட்டி நான் தொங்கினேன். குழல் கழலாமல் தோலுக்குள் வழுக்கிச் சுற்றியது, நான் கம்பியோடு போய் டூல் ராக்கில் முட்டிக்கொண்டேன். நீ சிரித்த சிரிப்பில் சுபேதாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாப்பா, அதுக்கு வழவழன்னு சட்டை போட்டு உட்டுட்டு அசையாம நிக்க சொல்றியா?" என்றாய். பிறகு நீதான் இரண்டு மரக்கட்டைகளில் அரைவட்டம் குடைந்து, அதற்குள் குழலை வைத்து இறுக்கச் சொன்னாய். குழல் வழுக்குகிறதா என்று தெரிய கட்டையையும் குழலையும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டாய். நல்ல வேலை. அன்றைக்கு அந்தப் பட்டறையில் மூளையோடு இருந்த ஒரே ஆள் நீ. சுத்தியலால் கம்பியின் நுனியில் நான்கு அடி அடித்தேன். அசையவில்லை. இன்னும் நான்கு அடித்தேன். அந்த எட்டு அடியையும் இப்போது நினைத்தால் என் பல் கூசுகிறது.

அப்புறம் நான் டார்ச்சை எடுத்தேன். அப்போது நீ கேட்டாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நேற்றுச் சாப்பாட்டில் நீ இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். எனக்கு மறக்கவில்லை. "பா, உள்ள ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டாய்.

சுபேதார் முறைத்தார். "இன்னாம்மா கேக்கற? மிலிட்டரிக்காரன் எவனாவது லோடு பண்ண துப்பாக்கியை உறைக்குள்ள வெப்பானா? காலிம்மா, காலி." அவர் சொன்னதை விடு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோ பாரு, ஆறு செமஸ்டர் படிச்சிட்டு இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்க, வழி உடுங்கப்பா" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் முகம் சுருங்கியது. உள்ளே குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று அடுத்து நீ சொல்ல வாயெடுத்திருப்பாய், எனக்குத் தெரியும், உன் கையில் அளவு பார்க்கும் கம்பி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டாய். வைத்துவிட்டுக் குழலின் முன்பக்கம் போய் நின்றாய், சாக்பீஸ் கோடு நகர்கிறதா என்று பார்க்க. குனிந்து, அந்தக் குழல் வாய் உன் நெஞ்சுக்குக் கீழே படுகிற மாதிரி, அதன்மேல் சாய்ந்துகொண்டு.

நான் தீயைக் காட்டினேன். குழல் உடம்புக்குள் திருகி ஏறியிருக்கும் இடத்தில், சுற்றிச் சுற்றி, நிதானமாக. எண்ணெய் புகைந்தது. "கொஞ்சம் ஜாஸ்தி காட்டு தம்பி" என்றார் சுபேதார், காட்டினேன். கோடு நகரலைப்பா, நகரலைப்பா என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். பிறகு கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன், டக் என்று ஒரு சத்தம். நீ "வந்துச்சுபா!" என்று கத்திக் குதித்தாய். நான் கையுறையோடு துப்பாக்கியின் உடம்பைத் திருகித் திருகிப் பின்பக்கமாக எடுத்தேன். குழல் வைஸிலேயே நின்றது. அதன் பின்வாய் எனக்கு நேராக இருந்தது.

அந்த வாயில் ஓட்டை இல்லை, பாப்பா. பளபளவென்று ஒரு பித்தளை வட்டம் இருந்தது.

என்ன பார்க்கிறேன் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. வாஷர் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன், நம்பு. சுபேதாரைப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அது தோட்டாவின் பின்பக்கம். அது சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் நான் சுடவைத்தது அதைத்தான். அதன் மறுமுனையில் நீ, குனிந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை வைக்கப்போனாய். நான் கத்தினேன். "போய் டீ வாங்கியா! போ! இப்பவே போ!" என் வாழ்க்கையில் நான் உன்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "வேலை முடிஞ்சதுக்கு இன்னாத்துக்கு இப்டி கத்தற? பேஜாரு புடிச்ச அப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நீ ஷட்டரைத் தாண்டும் வரை நான் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகும் சரியாக விட்டேன் என்று சொல்ல முடியாது.

சுபேதார் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் சாயங்காலம் பன்றி வந்ததென்று தோட்டா ஏற்றியிருக்கிறார். அதே நேரம் வீட்டில் அவர் மனைவி விழுந்துவிட்டாள் என்று ஆள் ஓடிவந்திருக்கிறது. துப்பாக்கியை உறையில் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை. அந்தம்மா திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். "காலின்னுதான் தம்பி நெனச்சேன். சத்தியமா காலின்னுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் பயம். பொய்யனாக இருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் நல்லவர், நெஞ்சறிந்து நம்பித்தான் சொன்னார், தோட்டா அவர் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

நீ டீயோடு வரும்போது குழலைச் சுவரோரம் மணல் மேட்டைப் பார்த்துத் திருப்பி, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தேன். "ஆறட்டும், தொடாதே" என்றேன். டீயை நான் குடித்தேனா, சட்டையில் ஊற்றினேனா என்று நினைவில்லை. உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழல் ஆறியபிறகு சுபேதார் தோட்டாவை எடுத்தார். எல்லாவற்றையும் பிரித்தபடியே வேலூர்க் கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அந்தக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு குழலைத் திருப்பி, தீ பட்ட இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும், "சூடு காட்டினா இரும்போட பதமும் போயிடும், அப்புறம் அந்தத் துப்பாக்கிய சுடறவன் மூஞ்சிலயே வெடிக்கும், அது தெரியுமா லேத்துக்காரரே?" என்று கேட்டார். தெரியும், அன்றைக்கு மட்டும் தெரியவில்லை. சுபேதார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வயசாகிவிட்டது என்றுதான் அவர் கொடுத்தார் என்று நீ இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன வருஷம் அவர் தவறிப்போகும் வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் "பாப்பா நல்லா கீதா?" என்று கேட்டதற்கும் காரணம் இதுதான். எனக்கு இருமல், அதனால் டார்ச் வேலையை வெளியே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவருகிறேனே, எனக்கு ஒரு இருமலும் இல்லை.

உன் பச்சை குர்த்தா ஒன்று இருக்கிறது, பட்டறைக்கென்று வைத்திருப்பாய். அதில் நெஞ்சுக்குக் கீழே வட்டமாக ஒரு துருக்கறை. அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சோடா தேய்த்தாள், போகவில்லை. அது என்ன கறை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நீ அதைப் போட்டுக்கொண்டு எதிரே நிற்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்துவிடுவேன். இரண்டு தடவை அதைக் கை துடைக்கும் துணிகளோடு கலந்துவிட்டேன், இரண்டு தடவையும் நீ தேடி எடுத்துவிட்டாய். நேற்று நீ பெட்டி அடுக்கும்போதும் எடுத்து ஒளிக்கப் பார்த்தேன். அப்புறம் நானே உன் பெட்டியில் மேலாக வைத்துவிட்டேன். அங்கே அது உனக்கு வேண்டும்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை என்று இந்நேரம் உனக்கே புரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். அங்கே அந்த ரைபிளைத் தொடுமுன் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார். கண் எட்டாவிட்டால் கம்பி விட்டு அளந்து பார். பிறகு இன்னொருவரைப் பார்க்கச் சொல். தீயைக் கொண்டு போகாதே, எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திரு, அதற்கென்று உள்ள கருவியால் திருகு. எந்த நிலையிலும் குழல் வாய்க்கு முன்னால் எவரையும் நிற்க விடாதே. இதெல்லாம் அங்கேயே உனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், என்னைவிட நன்றாக. அவர்கள் சொல்லாத ஒன்றுதான் என் பங்கு. கேள்வி கேட்டால் சிரிப்பார்கள், பாப்பா. எல்லாப் பட்டறையிலும் சிரிப்பார்கள். அனுபவசாலி சிரிப்பான், பாசமுள்ளவன் சிரிப்பான், பெற்ற தகப்பன் சிரிப்பான். அன்றைக்கு நீ கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தது என் சிரிப்புக்குப் பயந்துதான். இனிமேல் யார் சிரித்தாலும் அதைக் கீழே வைக்காதே. உன்னைக் காப்பாற்றவேண்டும் என்று நான் செய்த காரியமெல்லாம் சுபேதாருக்குத் தைத்துக் கொடுத்த உறை மாதிரிதான் ஆகியிருக்கிறது. மோடத்தைப் பிடுங்கியதும் அந்த வகைதான். அதனால் இந்த முறை பேசாமல் வழிவிடுகிறேன். பயமில்லாமல் அல்ல, பயந்துகொண்டே.

நீ காட்பாடியில் ஏறுகிற ரயில் நம்ம ஆம்பூரில் நிற்காது. பட்டறைக்குப் பக்கத்து ரயில்வே கேட்டைத் தாண்டும்போது நான் அங்கே நிற்பேன், காக்கிச் சட்டையில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னும் எவ்ளோ நேரம் இங்கயே நிக்கப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு இன்னும் தெரியாது, உன் ரயில் போன பிறகு சொல்லப்போகிறேன். அவளுக்கும் பயந்துகொண்டுதான். இதை அதற்குள் படித்து முடித்திருந்து கோபம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள், எனக்குப் புரியும். சாத்தினாலும் திறந்திருந்தாலும் ஒன்று மட்டும் செய். அங்கே போய் அந்த ரைபிளை மேஜைமேல் வைத்ததும், தொடுவதற்கு முன்னால், எனக்கு ஒரு போன் போட்டு அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேள். "பா, உள்ள ஒண்ணும் இல்லல்ல?" என்று. நான் சிரிக்கமாட்டேன். நான்கு வருஷம் முன்னால் சொல்லியிருக்கவேண்டிய பதிலைச் சொல்வேன்: "எனக்குத் தெரியாது பாப்பா. தொறந்து பாரு, நான் லைன்லயே இருக்கேன்."

உன் அப்பா